நான் பொறாமைப்பட்ட மும்தாஜ் அக்கா

மஸ்கட்டிலிருந்து ஃபோன் வந்தபோது நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். என் கணவர்தான் எடுத்தார். "எப்ப?" என்று கேட்டார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தார். "மும்தாஜ் அக்கா மவுத்தாயிட்டாங்க சபுரா. அடக்கமும் அங்கேயே முடிஞ்சிடுச்சாம்." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் தாயின் ஜனாஸாவில்கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. இன்னா லில்லாஹி சொன்ன என் வாய்க்குள் பழைய புளிப்பும் ஊறியது. அக்காவுக்காக இவர் இவ்வளவு அழுவாரா என்ற புளிப்பு.

அக்காவை அறிந்த நீங்கள் அவர் கைமணத்தையும் தாராளத்தையும் சொல்வீர்கள். அரியலூரிலிருந்து போய் மஸ்கட்டின் ரூவி பகுதியில் குடித்தனம் செய்த அவர் வீட்டில் சோறு தின்னாத நம்மூர்ப் பிள்ளைகள் குறைவு. நான் மட்டும் பொறாமையிலிருந்துதான் தொடங்க முடியும்.

கல்யாணமான சில வருடங்களில் விசிட் விசாவில் நான் மஸ்கட் போனேன். மகனை லப்பைக்குடிக்காட்டில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். இவர் இருந்தது கம்பெனி கேம்ப். குடும்பத்தோடு தங்க இடமில்லை. அதனால் வாரக் கடைசியை, அதாவது வியாழனையும் வெள்ளியையும், மும்தாஜ் அக்கா வீட்டில் கழிக்க ஏற்பாடு. அவர் கணவர் காதர் பாய் இவருடைய ஃபோர்மேன்.

கதவு திறந்ததும் அக்காவின் சின்ன மகள் "மாமா!" என்று ஓடிவந்து இவர் கழுத்தில் தொங்கினாள். ஊரில் என் மகன் லீவில் வரும் தன் அத்தாவைக் கண்டால் என் முந்தானைக்குள் ஒளிவான். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய், எந்த அலமாரி என்று தேடாமல் ஒரு தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். நான் சோபாவில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன்.

டீயாவது நான் போடுகிறேன் என்று எழுந்தேன். இவருக்குப் பிடித்த மாதிரி சீனியை அள்ளிப் போட்டபோது, "தம்பி இப்ப சீனி போட்டுக்கிறதில்லம்மா, விட்டு ஒரு வருஷமாச்சே" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். என் கையில் கரண்டி நின்றுவிட்டது. ஊரில் யாராவது இவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அதுவரை நான் சீனி தூக்கலான டீயைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும், "இன்னைக்கு நான் ஆக்குறேங்க்கா" என்றேன். அக்கா மறுக்காமல் அடுப்பை விட்டுக் கொடுத்தார். சின்ன வெங்காயம் வதக்கி அரைத்து, வெந்தயம் வறுத்துப் போட்டு, என் அம்மா வைக்கிற மீன் குழம்பு வைத்தேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள். இவர் ஒரு வாய் எடுத்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"என்னக்கா, கொழம்பு இன்னைக்கு வேற மாதிரி இருக்கு?"

எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்கா தட்டோடு வந்தார்.

"எழுந்திரு சபுரா."

"வேணாங்க்கா."

"பொய் சொல்லாத. காலையிலயும் நீ ஒழுங்கா திங்கல."

அடக்க முடியாமல் கொட்டிவிட்டேன். "ஒங்களுக்கு எல்லாம் தெரியுது. அவரு என்ன குடிப்பாரு, எதை விட்டாருன்னு தெரியுது. என் கொழம்பே அவருக்கு மறந்து போச்சு!"

அப்படியெல்லாம் இல்லம்மா என்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா சொன்னார்: "ஆமா, மறந்துதான் போச்சு. எப்பவோ லீவுல வந்து தின்னுட்டுப் போனா எந்த நாக்குக்கு ஞாபகம் இருக்கும்? ஒன் எடத்துல நானா இருந்தா சட்டியத் தூக்கி எறிஞ்சிருப்பேன். நல்லா பொறாமப்படு. ஆனா சோத்து மேல காட்டாத."

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அறை வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "தம்பி, அது ஒங்க வூட்டுக் கொழம்பு. இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு ஒழுங்கா சாப்பிடுங்க."

சாயங்காலம் பிள்ளைகளையும் காதர் பாயையும் கிளப்பிக்கொண்டு அக்கா கடற்கரைக்குப் போனார். "நாங்க போயிட்டு வரோம். நீங்க ரெண்டு பேரும் வரவேணாம்." வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான்தான், "சீனிய ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன்.

வெயிலில் வேலை பார்க்கும்போது மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றிருக்கிறார்கள். அங்கே போய் உடனிருந்து பார்த்துக்கொண்டவர் மும்தாஜ் அக்கா. "ஒன்கிட்ட சொன்னா பயந்துருவியேன்னுதான்…" என்றார். பயந்தேன்தான். ஆனால் அந்தக் கட்டிலோரம் நான் இல்லாமல் அக்கா இருந்தாரே என்று வயிறு எரிந்தது அதைவிட அதிகம்.

அவர்கள் திரும்பியதும் என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு விளங்கிவிட்டது. இவரிடம் சொன்னார்: "தம்பி, இனிமே வெள்ளிக்கிழம இங்க வந்தா மொதல்ல சபுராவுக்கு ஃபோன். எதையும் மறைக்காம பேசணும். அப்புறந்தான் சோறு."

இவர் ஊரோடு வந்து சேரும்வரை அந்தச் சட்டம் நின்றது. வெள்ளிக்கிழமை மதியம் மணி அடிக்கும். முதலில் அக்காவே பேசுவார். "இந்த வாரம் கால்ல புண்ணு. மறைப்பாரு, விடாத, கேளு" என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கொடுப்பார். புண் இருப்பது எனக்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்ததே என்று அப்போதும் எரியும். எரிந்துகொண்டே கேட்பேன். இவரும் சொல்வார். அந்தப் பழக்கத்தில்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனோம் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டு ரஷீதா வந்து அழுதாள். அவள் கணவன் துபாயில். "அவருக்கு என்னய மறந்து போச்சாக்கா?" என்றாள். இல்லையென்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும்.

"ஆமா, கொஞ்சம் மறந்துதான் போயிருக்கும்" என்றேன். "இந்தா, ஃபோன் போடு. கேளு."

அந்த "ஆமா" மும்தாஜ் அக்காவுடையது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.