கோட்டுக்குள் திறந்த கேமரா

1953 ஜனவரி 12, திங்கட்கிழமை. வழக்கம்போல் குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். காஷ்மீர் பயணத்தைப் படமெடுக்கப் பெரிய கேமராவா சிறியதா என்று இயக்கிப் பார்த்து முடிவெடுக்க, கடைக்கார நண்பர் காசிம் இரண்டையும் கொண்டுவந்தார். சைகோனுக்குக் கப்பலேறிய தம் வாப்பாவைப் பெரியதில் எடுத்திருந்தார்; இன்னும் கழுவாத அந்தப் பிலிம் அதற்குள்ளேயே இருந்தது.

இருவரும் வண்டியில் கிளம்பினோம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த எங்கள் காரைக்காலுக்குள் சாலை சீக்கிரம் முடிந்துவிடும். பேச்சு மும்முரத்தில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இந்தியப் பக்கம் வந்துவிட்டோம்.

"உள்ள கடத்தல் தங்கமா? திறங்க," என்றார் இந்தியச் சுங்க அதிகாரி, பெரிய கேமராவைத் தட்டி.

"வெளிச்சம் பட்டா பிலிம் போயிடுங்க. எங்க வாப்பா அதுலதாங்க இருக்காங்க." காசிம் கேமராவின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டார்.

அதிகாரி தன் தடித்த கோட்டைக் கழற்றி, கேமராவை அதில் பொதிந்து, கோட்டின் கைகள் வழியே தன் கைகளை நுழைத்தார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. காசிம் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் மெதுவாகத் தடவின. மறுபடி மூடும் சத்தம்.

"வாப்பா பத்திரம். ஊருக்குத் திரும்புங்க."

சந்தேகப்படுகிறவரிடம் இத்தனை பதமான விரல்களை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, கேமராவை முடிவுசெய்யும் முன்பே, அந்தக் கோட்டைப் போலவே வெளிச்சம் புகாமல் கேமராவைத் திறக்க, இரண்டு கைகள் வைத்த கறுப்புத் துணிப்பை ஒன்று தைக்கக் கொடுத்தேன்.