தொட்டியில் வைத்த கை

சிகரெட்டை விட்ட மூன்றாவது வாரம், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எழுபதுகளின் கடைசி அது. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. அங்கே விரல்களுக்கு வேலை இருந்தது. சாயங்காலம் சைக்கிள் மிதித்துத் திருமலைராயன்பட்டினத்து வாடகை வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. ரேடியோவில் கை வைத்தபோது மனைவி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அவள் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. பள்ளியில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி வந்து, "இதுல எதயாவது வளத்துக்கிட்டு இருங்க. வீட்டுச் சாமான விட்டுடுங்க" என்றாள்.

குளத்து மீன் வளர்த்திருக்கலாம். எனக்குக் கடல்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. பட்டினச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி உண்டு, கிட்டத்தட்ட என் வயது. வலையில் உயிரோடு வருவது எதுவானாலும் எடுத்து வரச் சொன்னேன். ஆக்கித் தின்னவா என்று கேட்டாள். பார்க்க என்றேன். அவள் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலாம் நாள் அவள் புருஷன் வலையில் சிக்கிய ஒரு கல் வந்தது, கடல் தண்ணீரோடு, அலுமினியச் சட்டியில். பொத்தல் பொத்தலான கல். அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பூசினாற்போல் ஒட்டியிருந்தது. ஓரத்தில், தொட்டால் சுருங்குகிற பூ மாதிரி ஓர் உயிர். கோடு போட்ட சின்ன மீன் இரண்டு. சங்கு ஓட்டுக்குள் குடியிருந்த நண்டு ஒன்று.

அன்றிலிருந்து என் கை தொட்டிக்குள்ளேயே இருந்தது. கல்லை இடப்பக்கம் வைப்பேன். காலையில் எழுந்ததும் வலப்பக்கம் சரியென்று படும். மீன்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் இறால் துணுக்கு போட்டேன். மீந்தது அடியில் அழுகியது. பத்து நாளில் மீன்கள் மிதந்தன. பதறிப்போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கழுவிய கல் மறுநாள் நாறிய நாற்றத்தில் பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்தினார்கள்.

மீன்காரப்பெண் இன்னொரு கல்லும், அதில் ஒட்டிய அதே மாதிரிப் பூவும், நண்டும் மீன்களும் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த முறை ஒழுங்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு ஓர் அங்குலம் இறங்கியது. விடியற்காலையில் சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு போய்க் கடல் தண்ணீர் மொண்டுவந்து நிரப்பினேன். அப்படியும் மீன்கள் மூச்சு வாங்கின. பூ மாதிரி இருந்தது ஒரு மிளகளவுக்குச் சுருங்கிக்கொண்டது. மீன்காரப்பெண் கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்து, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"சார், இது கடத்தண்ணி இல்லீங்க. உப்பளத்துத் தண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"வெயிலுக்குத் தண்ணிதான போவும், உப்பு எங்க போவும்? நீங்க மேல மேல உப்பயே ஊத்துறீங்க."

பட்டப்படிப்பு படித்தவன் நான். காது சுட்டது. அவள் தெருமுனை தாண்டுமுன் இரண்டு வாளி நல்ல தண்ணீரைக் கொட்டி நிரப்பிவிட்டேன். சாயங்காலத்துக்குள் மீன்கள் செத்தன. மறுநாள் அதை அவளிடம் சொன்னேன். ஒரேயடியாகக் கவிழ்த்தால் அதுகள் என்ன செய்யும் என்று மட்டும் கேட்டாள். நண்டும் அந்தச் சுருங்கிய பூவும் எப்படியோ பிழைத்துக்கிடந்தன.

அந்த ஐப்பசியில் ஒன்றரை மாதப் பயிற்சிக்காக என்னைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். போகுமுன் தொட்டியைப் பராமரிக்கும் முறையைத் தட்டச்சு செய்து, இரண்டு பக்கம், மனைவியிடம் கொடுத்தேன். அங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தொட்டி நினைப்புதான். இரண்டு முறை சிகரெட் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவு தெளிந்திருந்தது. கல்லில் ஊதாவும் பச்சையும் படர்ந்திருந்தன. பூ தன் விரல்களையெல்லாம் விரித்து அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அதேபோல் சின்னதாக இன்னொன்று. என்ன செய்தாள் என்று கேட்டேன். கண்ணாடியில் மையால் கோடு போட்டு, தினம் காலையில் அந்தக் கோடு வரை மழைத்தண்ணீர் விட்டாளாம். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு துணுக்கு இறால். அவ்வளவுதான். என் இரண்டு பக்கத்தை நாலாக மடித்து, ஆடாமலிருக்கத் தொட்டி வைத்த ஸ்டூலின் காலுக்கு அடியில் கொடுத்திருந்தாள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கல் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் விட்டேன்.

"கைய எடுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதுங்க நல்லா இருக்கணுமா, நீங்க செஞ்சு நல்லா இருக்கணுமா?"

கையை எடுத்து வேட்டியில் துடைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு பட்டினச்சேரிக் கடற்கரை வரை நடந்து, அங்கே நிற்கவும் பிடிக்காமல் அப்படியே திரும்பி வந்தேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு தொட்டி அவளுடையது. என் வேலை டின்னில் தண்ணீர் கொண்டுவருவது. அதையும் வாசலோடு வாங்கிக்கொள்வாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை ஆந்திரப் பக்கம் இருக்கும் யானாமுக்கு மாற்றினார்கள். அவளுக்கு இங்கே பள்ளிக்கூடம், வர முடியவில்லை. வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். வீட்டு விஷயம் முடிந்ததும் தொட்டியைப் பற்றி நாலு வரி இருக்கும். ஒரு கடிதத்தில், நண்டு செத்துவிட்டதென்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றும், பிறகு பார்த்தால் அது உரித்துப்போட்ட மேல்தோல்தான் என்றும் எழுதியிருந்தாள். தோல் உரித்த நண்டுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அன்றே ஏழு யோசனை எழுதித் தபாலில் சேர்த்தேன். பதில் வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை, கோதாவரிக் கரையில் நடந்துகொண்டே இருந்தேன். பத்தாம் நாள் பதில் வந்தது. எதையும் செய்யவில்லை, நண்டு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.