சேம்பருக்குள் ஒரு சந்தனப் பொட்டு

பாகூர்க்காரன் நான். ஆராய்ச்சிக்கூடங்களில் மெல்லிய படலம் பூசும் இயந்திரங்களை நிறுவிக் கொடுப்பது என் வேலை. குடம்போல ஓர் எஃகுக் கலம் இருக்கும், அதைச் சேம்பர் என்போம். அதிலிருந்து காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, உள்ளே அலுமினியத்தைச் சூடாக்கினால், அது ஆவியாகி எதிரே இருக்கும் கண்ணாடித் துண்டில் போய்ப் படியும். காற்று மிச்சமிருந்தால் படலம் மங்கிப்போகும். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானைப் பதினைந்து வருடங்களாக ஊர் ஊராகப் போய்ச் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் ஒரு இயந்திரமும் வந்ததில்லை. அதனால் வில்லியனூரைத் தாண்டி ஒரு கல்லூரிக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் வேலைக்குப் போவது அதுதான் முதல் தடவை.

அங்கே எனக்காகக் காத்திருந்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. முப்பதைத் தாண்டியவர். கரையாம்புத்தூரில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவார். பெட்டியைப் பிரிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார்.

"சார், இந்த மாசக் கடைசியோட என் பதிவு முடியுது. பழைய மெஷின் செத்துப்போச்சி. பன்னெண்டு சாம்பிள் போட்டாதான் தீசிஸ் குடுக்க முடியும். இல்லன்னா ஆறு வருஷமும் போச்சி."

"மூணு நாள்ல ஓட வெச்சிடறேன் மேடம்" என்றேன். வாய்க்கொழுப்பு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரானாலும் இயந்திரத்தை ஏற்றி நிறுத்தியதும், என் மனைவி கொடுத்தனுப்பும் கோயில் சந்தனத்தை டப்பாவிலிருந்து எடுத்து, வெளிச்சட்டத்தின் அடியில், யார் கண்ணிலும் படாமல் ஒரு பொட்டு வைப்பேன். இந்த முறை சொந்த மண் அல்லவா? பேராசை வந்துவிட்டது. சேம்பரைத் திறந்து, உள்ளே அடித்தட்டின் கீழே, கட்டைவிரலால் அழுத்தி ஒன்று வைத்தேன். ஆய்வகத்தின் உதவியாளர் அக்காவும் தம் பங்குக்கு வெளியே குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பம்பைப் போட்டோம்.

உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கேஜின் முள் இறங்கியது. பாதி வழியில் நின்றுவிட்டது.

போகப் போக இறங்கும் என்று மறுநாள் வரை ஓடவிட்டேன். நின்ற இடத்திலேயே நின்றது. எங்கோ ஓட்டை, காற்று நுழைகிறது என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு இணைப்பிலும் அசிட்டோன் தெளித்து, அதன் ஆவி ஓட்டை வழியே நுழைந்து முள் துள்ளுகிறதா என்று பார்த்தேன். துள்ளவில்லை. ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றினேன். இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிய டெம்போக்காரருக்குப் போன் போட்டு, "எங்கய்யா இடிச்ச?" என்று கத்தினேன். அவர் பாவம், சத்தியம் பண்ணாத குறை. மூன்று நாள் என்று சொன்னவன் ஐந்தாம் நாளும் ஸ்பானரும் கையுமாக நின்றேன். அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நோட்டும் பேனாவுமாக கேஜுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எரிச்சலில் எனக்கு அதுகூடப் பிடிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை, "சார், பம்புக்குப் போற வால்வ மட்டும் மூடுங்க, நான் எழுதணும்" என்றார். மூடினேன். பத்து விநாடிக்கு ஒரு தரம் அளவைப் படித்து எழுதினார். ஒரு பக்கம் நிறைந்ததும் அளவுகளைப் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டுக் காட்டினார்.

"ஓட்டைன்னா ஏறிக்கினே இல்ல சார் போவணும்? இது மொதல்ல சர்ருனு ஏறுது, அப்புறம் அடங்கிப் போவுது, பாருங்க. வெளிய இருந்து ஒண்ணும் வரல. உள்ளதான் ஏதோ ஈரம் கீது. எங்க வூட்டுல சரியா காயாத நெல்ல மூட்ட கட்டிட்டா இப்படித்தான், உள்ளயே வேர்த்துக்கும்."

நான் செய்திருக்க வேண்டிய சோதனை அது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். எனக்குத் தெரியாதா என்ன? ஓட்டைதான் என்று அடித்துச் சொன்ன பிறகு எனக்கு வேறெதுவும் தோன்றவே இல்லை. இந்த அம்மா, ஆறு வருட உழைப்பு போய்விடும் என்கிற பயத்தை மடியில் வைத்துக்கொண்டே, பதறாமல் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அடுத்த நொடி என் டப்பா நினைவுக்கு வந்தது. சந்தனம். தண்ணீர் மட்டுமா, எண்ணெயும் உண்டு அதில். எத்தனை நாள் பம்ப் ஓடினாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அவர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "அக்கா, பூஜை அன்னிக்கி உள்ள ஏதாவது வெச்சீங்களா?"

"அய்யோ, இல்லம்மா! வெளியதான் வெச்சேன். நான் இன்னாத்துக்கு உள்ள கை வெக்கறேன்?" அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வேலைக்கே உலை என்று நினைத்திருப்பார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. அக்கா கும்பிடுவதுபோலக் கையைத் தூக்கியதும் என்னால் தாங்கமுடியவில்லை.

"அவங்க இல்ல மேடம். நான்தான் வெச்சேன்."

சேம்பரைத் திறந்து, அடித்தட்டைக் கழற்றினேன். பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, மஞ்சளாக, மணமாக. அந்த அம்மா என்னைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

துடைத்து, கழுவி, சூடு காட்டி உலர்த்தி மூடினோம். சாயங்காலத்துக்குள் முள் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் நின்றது. முதல் கண்ணாடித் துண்டு பளபளவென்று வெளியே வந்தது. அவர் அதை ஓரத்தில் மட்டும் பிடித்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஒண்ணு" என்றார். நான் அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், நிறுவியவரின் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டெம்போக்காரரிடமும் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"குடுத்துட்டேன் சார். பன்னெண்டும் நல்லா வந்துது." குரல் உடைந்தது, சமாளித்துக்கொண்டார். "இருங்க, பக்கத்துல அக்கா கீறாங்க, உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

போன் கைமாறியது.

"சார், வெள்ளிக்கெழம மெஷினுக்குப் பொட்டு வெக்கணும். கடைல வாங்கற சந்தனம் நல்லாவே இல்ல. உன் டப்பாவ குடுத்தனுப்பறியா? வெளியதான் வெப்பேன்."

மறுநாள் காலை நானே எடுத்துக்கொண்டு போனேன்.