கப்பல் வரி கேட்ட சேவியர் அண்ணன்

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் மில் பஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசியாக ஏறிய செல்வி, "சேவியர் அண்ணன் செத்துட்டாராம்ணே. விடிய நெஞ்சு வலின்னாராம், அம்புட்டுதான்" என்றாள்.

"போ தாயி! நேத்து சாயந்தரம் என் காசுல ரெண்டு வடை தின்னுட்டுப் போன மனுசன்" என்று சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அதன்பின் மில் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. வேடசந்தூர் ரோட்டில் அத்தனை வேகத்தடைகள். ஒன்றுகூட நினைவில் இல்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? கப்பலில் இன்ஜின் அறை வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். கடலே இல்லாத திண்டுக்கல் சீமையில் கப்பலைப் பற்றியே பேசிய ஒரே ஆள். நின்ற பஸ்ஸின் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே நான் டீ குடித்தால் கத்துவார்: "ஏலே முருகேசு, அணைலே அத! புகையைத் தொட்டுக்கிட்டா டீ குடிக்கிற?"

என் மகளுக்கு இளைப்பு உண்டு. ஒரு மத்தியானம் மூச்சு முட்டிப்போனது. எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் மருந்துப் புகை பிடிக்கிற மிஷின் கிடையாது. திண்டுக்கல் வரை ஓட வேண்டியிருந்தது; அண்ணனும் கூட வந்தார். மிஷினை வைத்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். நான் அழுதேன், மகளே என்னைத் தேற்றினாள். அப்படிப்பட்ட வீரத் தகப்பன் நான்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "பெரிய கப்பல்ல எரிக்கிற எண்ணெய் தாரு மாதிரி இருக்கும் அப்பு. சூடு பண்ணாத்தான் ஓடும். அந்தப் புகையைத் துறைமுகத்துக்காரன் திங்கிறான். நம்ம மில்லு நூலும் அந்தக் கப்பல்லதான போகுது? அந்த எண்ணெய்க்கு வரி போடணும். வர்ற பணம் கஜானாவுல கலக்காம, மூச்சு வாங்குறவன் ஊரு ஆஸ்பத்திரிக்கு நேரா வரணும். புகை விடுறவன் குடுக்கட்டும்."

இதையே அரசாங்கத்துக்குக் கோரிக்கையாக அனுப்பக் கிராம சபையில் தீர்மானம் கேட்டார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: ஒரு வீடு எழுந்து "வேணாம்" என்றாலும் தலைவர் அதை அடுத்த சபைக்குத் தள்ளிவிடுவார். ஜெபமாலை அக்கா எழுந்துவிட்டார். அவர் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான்.

"ஏன்யா, எம்புள்ளை சம்பளத்துல கை வைக்கப் பாக்குறியா? நீ மட்டும் கப்பல்ல சம்பாதிச்சு வீடு கட்டிக்கிட்ட, இல்ல?"

வரி மாலுமியின் தலையில் விழும் என்று அக்கா எண்ணிவிட்டார். அண்ணன் சொல்லிப் பார்த்தார். சிரிப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அக்கா வீட்டுக்கே போனார். கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போனார். "கோபம் இல்லையா?" என்றேன். "அது பெத்த வயிறுப்பா. பயந்தா சாத்தத்தான் செய்யும். பயம் தீர்ற வரைக்கும் நான்தான் நடக்கணும்" என்றார். அடுத்த சபை கூட நாலைந்து நாள் இருக்கையில்தான் அவர் போய்ச் சேர்ந்தார்.

மண் போட்டுவிட்டு வந்தவன் நேராக ஜெபமாலை அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. மறுநாள் போனேன். திறந்தது.

"எண்ணெய்க்குத்தான் வரிக்கா. கப்பல் முதலாளி கட்டணும்."

"நீ என்னத்தக் கண்ட? பஸ் ஓட்டுறவன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. உங்க மகனுக்குத் தெரியும்ல, கேளுங்க."

அங்கேயே போன் போட்டார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தச் சூட்டுலயும் புகையிலயுந்தான் நிக்கிறானாம். இத்தனை வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்லப்பா" என்றார்.

சபையில் நான் உளறினேன். சிரித்தார்கள். தலைவர், "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டபோது எல்லாரும் ஜெபமாலை அக்காவைப் பார்த்தோம். அவர் எழுந்தார்.

"எழுதிக்கங்க" என்றார்.

தீர்மானம் ஊரை விட்டுப் புறப்பட்டிருக்கிறது. எந்த மேசையில் தூங்குமோ, தெரியாது. அண்ணன் இல்லை என்பது இன்னும் எனக்கு உறைக்கவில்லை. டீக்கடையில் வாய் தானாக "ரெண்டு டீ" என்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: சாத்திய கதவுக்கு மறுநாளும் போவது. அடுத்து, இதற்கு ஆதரவு கேட்டு மில் முதலாளி வீடு; அவர் நூலும் கப்பலில்தானே போகிறது. அவரிடம் சம்பளம் வாங்குகிறவன் அங்கே போய் என்ன பேசுவேனோ, போகிறேன்.