ஒரு மோசமான நாளின் விபரம்

பஸ் சக்கர நாற்காலிக்காகச் சாய்பலகையை இறக்கும்போது ஒரு ஒலி எழும். பீப், பீப், பீப். பஸ் தரிப்பில் நிற்பவர்கள் கைத்தொலைபேசியிலிருந்து நிமிரமாட்டார்கள். நான் மட்டும் திரும்பிப் பார்ப்பேன். அனுஷா எனக்கு முதலில் அந்த ஒலியாகத்தான் அறிமுகமானாள்.

வெக்ஸ்போர்டில் குடியேறி வந்தவர்களுக்கான எங்கள் சமூக நிலைய வாசலில் பஸ் அப்படிக் கத்தியது. ஜன்னலால் பார்த்தேன். நாற்காலியில் இருபது வயதுப் பெண். பின்னால், கைப்பையை மார்போடு அணைத்தபடி அவளுடைய தாய் பிலோமினா அக்கா.

அங்கே எனக்குப் படிவ வேலை. உதவித்தொகை, வீட்டு விண்ணப்பம், அப்பீல். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் விட்ட பிழையை விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. பயோடேட்டா

அனுஷாவுக்குப் பிறப்பிலிருந்தே மூளைவாதம். கைகால் அவள் சொல் கேட்பதில்லை. காது கேட்கும், எங்களைவிடக் கூர்மையாக. ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு கல்லூரியில் ஒலிப்பதிவுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் அறையும் இருந்தது. அவளைத் தூக்க, குளிப்பாட்ட, இரவில் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான ஃபண்டிங் ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்குள் உறுதியாகாவிட்டால் அறை அடுத்தவருக்குப் போய்விடும்.

மதிப்பீடு செய்யும் அலுவலர் வீட்டுக்கு வந்தார். நான் மொழிபெயர்க்கப் போனேன். திரைச்சீலை துவைத்து மாட்டியிருந்தது. வீடெல்லாம் விருந்தாளிக்குப் பொரித்த பற்றிஸ் வாசம். அனுஷாவுக்குக் காதணி, பொட்டு, தேவாலயத்துக்குப் போடுகிற சட்டை.

தானாக எழும்புவாளா என்று அலுவலர் கேட்டார்.

"எல்லாம் தானே செய்வாள்," என்றார் பிலோமினா அக்கா.

அனுஷா என்னைப் பார்த்தாள். நான் அலுவலரைப் பார்த்தேன். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன். அதற்கு முன்பே படிவத்திலும் தாய் சொன்னதையே அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

கடிதம் வந்தது. தேவை குறைவு. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம்.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கோப்பைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க இது, கல்யாண பயோடேட்டாவா? 'பொறுமைசாலி, தன் வேலையைத் தானே செய்வாள்'னு நீங்களே எழுதிட்டா அவங்க எதுக்கு ஆள் குடுக்கணும்? ரொம்ப மோசமான நாள் ஒண்ண எடுங்க. மணிக்கணக்கா எழுதுங்க."

2. குசினி

பிலோமினா அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் படித்துவிட்டார். சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் கூட்டிப்போனார்.

"ரஞ்சி, மூத்தவளுக்கு மார்க்கம் பக்கம் ஒரு இடத்தில கலியாணம் பேசுறம். இளையவள் நாப்பியோட படுக்கிறாள் எண்டு பேப்பரில எழுதி, அது ஆரின்ர கண்ணிலயும் பட்டா?"

"அப்பீல் பேப்பர் அக்கா. ஆரும் வாசிக்க மாட்டினம்."

"உங்கட ஒஃபிஸில எத்தினை தமிழாக்கள்?"

"ஏழு பேர்."

"பிறகென்ன."

அந்த ஏழு பேரில் இருவர் அவருடைய தேவாலயத்துக்கே பூசைக்குப் போகிறவர்கள்.

"அம்மா, ஸ்டொப்." நாற்காலி குசினி வாசலில் வந்து நின்றது. அனுஷாவுக்கு ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வரும். "ரஞ்சி அன்ரி, அம்மாவுக்கு முதுகு போயிட்டுது. போன கிழமை பாத்ரூம் ஃப்ளோரில ரெண்டு பேரும் விழுந்து கிடந்தனாங்கள். லைக், ஒரு மணித்தியாலம்."

"இதை ஏன் வெளியில சொல்லுறாய்?"

"நீங்கள் சொல்ல மாட்டீங்கள். அன்ரி என்னட்டக் கேக்கவே இல்லை."

அது எனக்குத்தான். இத்தனை வருட வேலையில் யாரும் என்னை அப்படித் திட்டவில்லை.

நான் பேனையை எடுத்தேன். பிலோமினா அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்து, முதுகைக் காட்டியபடி, கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினார். "ரெண்டு மணிக்குத் திருப்புவன். நாலரைக்கு இன்னொருக்கா. திருப்பாமல் விட்டா இடுப்பில புண் வரும். சாப்பிடேக்க புரைக்கேறும், பக்கத்தில ஆள் நிக்க வேணும்." பின்னால் அனுஷா திருத்தினாள். "நாலரை இல்லை அம்மா. நாலு. நீங்கள் நித்திரையாப் போறனீங்கள்."

3. வெள்ளி

அப்பீல் காணொளியில் நடந்தது. திரையில் மூன்று முகங்கள். முதல் கேள்விக்கே பழக்கம் நாக்கில் ஏறிவிட்டது. "எல்லாம் தானே..." என்று தொடங்கினார் பிலோமினா அக்கா. பாதியில் நிறுத்தினார்.

"இல்லை. என்னால இனித் தூக்கேலாது."

இந்தத் தடவையும் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன்.

வெள்ளி மத்தியானம் வரை முடிவு இல்லை. விடுதிக்கு அழைத்தேன். நாலரை மணி வரை அறையை வைத்திருப்பதாக அங்கிருந்த பெண் சொன்னாள். மூன்று மணி. மூன்றரை. மின்னஞ்சல் பக்கத்தை விரல் தேயப் புதுப்பித்தேன். தேநீர் ஆறியது. மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலு பத்துக்கு வந்தது. அனுமதி. ஒரு வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடம் மறுபடியும் மதிப்பீடு. அந்த ஒரு வருடத்தை இறுகப் பிடித்துக்கொண்டு விடுதியை அழைத்தேன்.

பிள்ளையின் குறையை மூடி வைப்பதும் எங்கள் ஆட்களிடம் ஒரு அன்புதான். படிவத்துக்கு அந்த அன்பு விளங்காது. ஆனால் நான் படித்தது அதுவல்ல. நாற்காலியில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். பின்னால் நிற்பவரிடம் பிறகு கேட்கலாம்.

செப்டெம்பரில் விடுதி வாசலில் நின்றோம். புதிய உதவியாளர் கையை நீட்ட, பிலோமினா அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு மணி, நாலு மணி, இடுப்பு, புரைக்கேறுவது, எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வெட்கமில்லாமல், விரல் மடித்துச் சொன்னார். முடிகிற பாடாக இல்லை.

"அம்மா," என்றாள் அனுஷா. "மிச்சத்தை நானே சொல்லுவன். நீங்கள் போயிட்டு வாங்கோ."