கட்டிலுக்கடியில் ஜட்ஜ்

கென்டக்கி மலைப்பக்கத்தில் கடைக்கு போர்டு எழுதவேண்டுமா, ஓர்வில் ஸ்டாம்பரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்கேல் வைக்கமாட்டார், பென்சிலால் கோடு போடமாட்டார், ஒரே இழுப்புத்தான். அறுபத்திரண்டு வயதில் அந்த மனுஷனைக் கைவிலங்கோடு எங்கள் அரசு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் யாரோ ஊர்ப் பெயரையே பிழையாக எழுதிவிட்டார்களாம். இவர் ஏறித் திருத்தியிருக்கிறார். இறங்கச் சொன்ன போலீஸ்காரர் தலையில் பெயிண்ட் வாளி விழுந்தது. தானாக விழுந்ததா, இவர் கவிழ்த்தாரா என்பதுதான் வழக்கு.

கோர்ட்டில் நடப்பது புரியாத ஆள்மேல் வழக்கு நடத்த முடியாது. இவருக்குப் புரியுமா என்று பார்க்கத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். புரியாதவர்களுக்கு மருந்து கொடுத்துப் புரியவைப்போம். மாட்டேன் என்று அடம்பிடித்தால் கோர்ட் உத்தரவு வாங்கி, பிடித்து ஊசி போடுவதும் உண்டு. ஓர்வில் மாட்டேன் என்றார்.

"இருவது வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஊசி போட்டாங்க, நர்ஸம்மா. ரெண்டு வருஷம் கை ஆடிச்சு. வட்டம் போட்டா உருளைக்கிழங்கு மாதிரி வந்துச்சு. இன்னொரு தடவை கை போச்சுன்னா நான் எதுக்கு இருக்கணும்?"

செவ்வாய்க்கிழமைதோறும் வார்டில் கோர்ட்டு வகுப்பு எடுக்கும் நர்ஸ் நான், நெல்டா. சரியாகப் பதில் சொன்னால் சாக்லேட் தருவேன்.

"ஓர்வில், ஜட்ஜ் என்ன பண்ணுவாரு?"

"கட்டிலுக்கடியில படுத்துக்குவாரு."

"யாரு கட்டில்?"

"என் கட்டில்தான். குறட்டை தாங்காது. அணில் புடிச்சா எனக்கும் ஒண்ணு கொண்டாந்து வெப்பாரு. நல்ல மனசு."

வார்டே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விளையாடாதீங்க, ஓர்வில்!" என்று கத்தினேன். மூன்று செவ்வாய்க்கிழமையும் இதே பதில். வரி விடாமல் எழுதிவைத்தேன். அதைப் படித்த டாக்டர், கட்டாய ஊசிக்கு உத்தரவு கேட்டு மனுப் போட்டுவிட்டார்.

விசாரணையன்று நீதிபதி ஆம்பர்கி அம்மாள் என் குறிப்பை இரண்டு தடவை படித்தார். அவரும் மலைக்காரர்தான். கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் ஸ்டாம்பர், உங்க ஜட்ஜுக்கு வயசு என்ன?"

"ஒம்போது, அம்மா."

"காது எப்படி?"

"தண்ணி குடிச்சா ரெண்டும் கிண்ணத்துக்குள்ளதான்."

"எங்கப்பாவும் ஒரு ஜட்ஜ் வளர்த்தாரு" என்று அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எங்கள் பக்கம் வேட்டைநாய்க்கு ஜட்ஜ், கர்னல் என்று பெயர் வைக்காத வீடு குறைவு. என் மாமா வீட்டிலேயே ஒரு கர்னல் இருந்தது. மரமண்டை எனக்கு உறைக்கவே இல்லையே!

"நர்ஸம்மா அன்பா என் நாயை விசாரிக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார் ஓர்வில். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரி, நான் யாரு?" என்றார் நீதிபதி.

"அரசு வக்கீல் சொல்றதையும் என் வக்கீல் சொல்றதையும் கேட்டு, யார் பக்கமும் சாயாம முடிவு சொல்றவங்க."

"குற்றம்னு ஆயிட்டா?"

"உள்ள போவேன். அதனாலதான் வாளி எப்படி வழுக்குச்சுன்னு வக்கீல்ட்ட ஒண்ணு விடாம சொல்லியிருக்கேன்."

நீதிபதி இன்னும் பத்துக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஊசி கிடையாது, வழக்கைச் சந்திக்கத் தகுதியானவர் என்று உத்தரவு போட்டார்.

"நர்ஸம்மா, என்னைக் கூண்டுல நிறுத்தலாமாம்!" என்று லாட்டரி விழுந்தவர்போலக் கூவினார் ஓர்வில்.

வழக்கு முடியும்வரை ஜெயிலில்தான் இருக்கவேண்டும். சிறை வண்டியில் ஏறுமுன் வலது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினார். ஓர் ஊசிக் குத்து இல்லை. வண்டி வளைவில் திரும்பும்வரை அந்தக் கை ஜன்னலில் டாட்டா காட்டியது. ஜெயிலுக்குப் போகிற ஒருவருக்கு நான் விசிலடித்துக் கைதட்டியது அன்றைக்குத்தான்.