மட்சுஷிமாவின் பின்பக்கப் பீரங்கி

ரொக்ஸ்பரோவில் செபஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி வருமுன்னே ஜப்பான் கடற்படை வந்துவிடும். மன்னாரில் பிறந்து, கடல் கடந்து வந்து, இங்கே பிஸ்கற் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற அறுபது வயது மனிதருக்கு, நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய ஜப்பான் பேரரசின் கப்பலோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தொடங்கிவிடுவார்.

சங்கதி இதுதான். சீனாக்காரரிடம் இரண்டு பெரிய இரும்புக் கப்பல்கள் இருந்தன. அவ்வளவு பெரிசாகக் கட்ட ஜப்பான்காரருக்கு வசதியில்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து, சின்னக் கப்பலிலேயே பென்னாம்பெரிய பீரங்கி ஒன்றை ஏற்றிவிடுவோம் என்றார். அந்த மகா யோசனையில் பிறந்தவைதான் மட்சுஷிமா வகைக் குரூசர் போர்க்கப்பல்கள் மூன்றும். பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்பினால் கப்பலே சரிந்தது. பிறகு சீனாக்காரரோடு மணிக்கணக்காக நடந்த சண்டையில் ஒவ்வொன்றும் நாலைந்து தடவைதான் அதைச் சுட்டது. அதிலும் மட்சுஷிமாவுக்குப் பீரங்கி பின்பக்கம்.

"அப்ப சுடுறதெண்டா எதிரிக்குக் குண்டியைக் காட்டவேணும். நல்ல வீரர்தான்!" என்பார் அவருடைய மனைவி றோசலின்.

அந்த மட்சுஷிமாவைத்தான் செபஸ்தியாம்பிள்ளை நாலு வருடமாக பேஸ்மென்டில் கட்டினார். நாலடி நீளம், றிமோட்டில் ஓடும், பித்தளையில் கடைந்த பீரங்கி திரும்பும். எல்லாம் கிராம் பிசகாத அளவு. அதைப் பற்றி யாராவது ஒரு சொல் பிழையாகச் சொன்னால் மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும்.

றோசலினுக்கும் அந்த பேஸ்மென்ட் வேண்டும். கோயில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் நாளில் போடும் வெள்ளைச் சட்டைகளைத் தைப்பவர் அவர்தான். தையல் மெஷினோ குசினி மேசையில். வெள்ளைத் துணியில் மீன்குழம்பு தெறித்த அன்று பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, இல்-பிசார் குளத்தில உங்கட மாதிரிக்கப்பல் சங்கம் கப்பல் விடுற நாள் வருதெல்லே? பீரங்கியைத் திருப்பிப்போட்டு உங்கட கப்பல் கவிழாமல் வந்தா பேஸ்மென்ட் உங்களுக்கு. கவிண்டா எனக்கு. பேந்து கதை இல்லை."

"ஓம், சரி," என்றார் அவர். குளியல் தொட்டியில் மூன்று தடவை பார்த்தாயிற்று. சரிந்தது, ஆனால் கவிழவில்லை. பயப்பட என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு, குளக்கரையில் முப்பது பேர். மட்சுஷிமா கலியாணமாப்பிள்ளை மாதிரி நடுக்குளத்துக்குப் போய் நின்றது. அவர் பொத்தானை அழுத்தினார். பீரங்கி இடப்பக்கம் திரும்பியது. கப்பல் சரிந்தது. இன்னும் சரிந்தது. பிறகு அடிவயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தது.

"மஞிஃபீக்! அற்புதம்!" என்று சங்கத் தலைவர் கைதட்டினார். சரிகிற கப்பலைச் சரியாகவே செய்திருக்கிறாராம்! செபஸ்தியாம்பிள்ளைக்கு அழுகை வந்தது. நாலு வருடம், ஐயோ, நாலு வருடம்.

இழுத்து வந்து மூடியைத் திறந்தார். உள்ளே இடப்பக்க ஓரத்தில் அவர் வைக்காத ஒரு பொலித்தீன் பை. கால் கிலோ இருக்கும். கப்பல் சரிந்தபோது அதுவும் சறுக்கியிருக்கிறது. அதற்குமேல் எந்தக் கப்பல் நிமிரும்?

"ஆர் இதை வைச்சது?"

"நான்தான், காலமை," றோசலினின் குரல் இறங்கிவிட்டது. "மடுமாதா கோயில் மண். என்ர அப்பு புதுவள்ளம் இறக்கேக்க காவலுக்கு வைக்கிறவர்தானே. நீங்கள் தோக்கக்கூடாது எண்டுதான்…"

அவர் மனைவியைப் பார்த்தார். பந்தயம் கட்டியவளே அவர் வெல்லவேண்டுமென்று மன்றாடியிருக்கிறாள்.

"மாதான்ர மண்ணாலயோ கவிண்டது?" றோசலினின் கண் நிரம்பிவிட்டது. "அப்பிடியெண்டா பிழை என்ரை. பந்தயம் செல்லாது. பேஸ்மென்டை நீங்களே வைச்சிருங்கோ."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேசை, கடைசல் மெஷின், அடுத்து கட்ட நினைத்த இரண்டு கப்பல்கள், எல்லாம் அவருக்கே.

"விசர்க்கதை கதையாதேயும்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "மண் என்ன செய்யும்? பீரங்கியின்ர நிறையை நான்தான் பிழையாக் கணக்குப் போட்டுட்டன். நாளைக்கே உம்மட மெஷினைக் கீழ இறக்குவம்."